காட்டுத் தடமும் கழகத் தொண்டரும்

பொதுச் சொத்தைப் பேணுதல் அரசினர் கடனா, அதனை நுகர்வோர் கடனா என்னும் வினா மிகப் பழையது. குளமும் வாய்க்காலும் உள்ள நாடுகளிலெல்லாம் அது எழுந்துள்ளது. ஆயின், ஒரு பொருளை நுகருந்தோறும் அதனைச் சிறிதேனும் தேய்த்தே தீரவேண்டிய நிலையில் உள்ளவர்கள், அதன் காவலராகவும் அமைய முடியுமா என்னும் வினா சற்றே விந்தையானது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் காடுகளில், கரடுமுரடான மலைத்தடங்களிலே ஜீப் வண்டிகளைச் செலுத்தி மகிழும் கழகத்தினர், அத்தடங்களைத் தம் கைப்பட முயன்று பேணிவரும் முறை இவ்வினாவிற்கு ஒரு விடை கூறுகின்றது. அம்முறை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு இயங்குகின்றது, அதன் எல்லை யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

முதலில், தேசியக் காடு என்பது யாது என அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்கக் கமத்தொழிற் திணைக்களத்தின்கீழ் 1905ஆம் ஆண்டு வனச் சேவை என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. கிபோர்ட் பின்சோ என்பார் அதன் முதல் தலைவர். இன்று அந்நிறுவனத்தின் பொறுப்பிலே 154 தேசியக் காடுகளும் அவற்றோடு சேர்ந்த புல்நிலங்களுமாக ஏறத்தாழ 19 கோடியே 30 இலட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. நமது இலங்கைத் தீவைப் பன்னிரண்டு முறை அடுக்கிவைத்தாற் போன்ற பரப்பு அது. தேசியப் பூங்காக்கள் வேறு, தேசியக் காடுகள் வேறு; பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவர். பூங்கா பெரிதும் காட்சிக்கும் காப்புக்கும் உரியது. தேசியக் காடோ மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகிய பல பயன்களுக்கும் ஒருங்கே உரியது என 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுத்தது. ஆகவே அங்கே ஊர்தி செலுத்துவோன் அத்துமீறி நுழைந்தவன் அல்லன். நடப்போனைப் போலவும் குதிரையேறிச் செல்வோனைப் போலவும் அவனுக்கும் சட்டத்தின்முன் ஓர் இடம் உண்டு. அவ்விடம் எத்துணை அகலமானது என்பதே வழக்கு.

அவ்வழக்கு எழுந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். நான்கு சில்லுகளும் பொறியின் வலியாற் சுழலும் சிற்றூர்தியாகிய ஜீப் 1941இலிருந்து பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. போர் முடிந்தபின் படையினர் கழித்த வண்டிகளும், 1945இலிருந்து குடிமக்களுக்கெனச் செய்யப்பட்டவையும் ஊர்தோறும் பரவின. மேற்கு மாநிலங்களின் மலைகளில் சுரங்கம் தோண்டியோரும் மரந்தறித்தோரும் விட்டுச்சென்ற பழைய வண்டித் தடங்கள் எண்ணிறந்தன கிடந்தன. வண்டியும் இருந்தது, வழியும் இருந்தது, போரிலே வண்டியோட்டிப் பழகிய இளைஞரும் இருந்தனர். விடுமுறை நாள்களில் இவர்கள் கூட்டமாகப் புறப்பட்டனர். தனியே சென்றவன் சேற்றிற் புதையுண்டால் மீள்வதரிது. ஆதலின் கழகங்கள் தோன்றின. ஒருவனுடைய வண்டியை மற்றொருவன் கயிறுகட்டி இழுத்துவிடும் தேவையே இக்கழகங்களின் முதற் கட்டுப்பாடு எனலாம். பின்னாளில் அதே கைகள் கூடித் தடத்தைத் திருத்த முன்வந்தமைக்கும் அவ்வழக்கமே வித்தாயிற்று என்பது என் எண்ணம்.

இத்தகைய தடங்களுள்ளே பெயர்பெற்றது கலிபோணியா மாநிலத்து றூபிக்கன் தடம். சியெரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஜோர்ஜ்ரவுன் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அதற்குக் கிழக்கே மலைமேலுள்ள லூன் ஏரிப் பக்கத்திலிருந்து மலையைக் கடந்து தாஹோ ஏரியின் கரைவரை இத்தடம் செல்கின்றது. எல்டொராடோ கவுண்டியின் ஆட்சிக் குழுவினர் 1887ஆம் ஆண்டிலேயே இதனைப் பொதுவழியெனத் தீர்மானித்திருந்தனர். அக்காலத்தில் றூபிக்கன் ஊற்றுகளின் கனிமநீரை நாடிச் செல்வோர் குதிரை வண்டிகளில் இவ்வழியே சென்றனர். அங்கு விடுதியொன்றும் இருந்தது. பின் வண்டிப் போக்குவரத்து அருகி வழி பாழாயிற்று. பனிக்கட்டியாறுகள் தேய்த்து வழுவழுப்பாக்கிய கருங்கற் பாறைகளும், ஆளுயர உருண்டைக் கற்களும், செங்குத்தான சரிவுகளுமாகக் கிடந்த அதனைப் போருக்குப் பின் வந்த ஜீப் ஓட்டிகள் மீண்டும் கண்டெடுத்தனர். 1953 ஓகஸ்ட் மாதத்தில் 55 வண்டிகளும் 155 ஆட்களும் ஜோர்ஜ்ரவுனிலிருந்து புறப்பட்டு மலையைக் கடந்தனர். அந்தக் கூட்டுப் பயணம் ஆண்டுவிழாவாக நிலைபெற்றது. அவ்விடத்தின் பெயரையே வண்டிக்கம்பனி பிற்காலத்தில் தன் வண்டிவகை ஒன்றிற்குச் சூட்டியது என்றால் அதன் புகழை வேறு விரிக்க வேண்டியதில்லை.

புகழ் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் குப்பையும் வரும். ஊர்திகளால் விளையுந் தீங்கு 1960களிலும் 1970களிலும் நாடெங்கும் பேசப்படலாயிற்று. 1972 பெப்ரவரியில் சனாதிபதி நிக்சன் 11644 என்னும் இலக்கமுடைய நிறைவேற்றுக் கட்டளையைப் பிறப்பித்தார். மண், நீர்ப்பிடிப்பு, தாவரம் ஆகியவற்றுக்கு நேருங் கேட்டையும் வனவிலங்குகளுக்கு நேருந் தொல்லையையும் ஏனையோருடன் நேரும் பிணக்கையும் இயன்ற அளவு குறைக்குமாறே ஊர்தித் தடங்கள் அமைதல் வேண்டும் என்பது அதன் சாரம். 1977இல் சனாதிபதி காட்டர் மேலும் ஒரு படி சென்று, பெருங்கேடு விளைவதாகக் கண்டவிடத்து அத்தடத்தை உடனே மூடும் அதிகாரத்தைத் திணைக்களங்களுக்கு அளித்தார். எனினும் பல காடுகளிலே தடம்விட்டுத் தடம்மாறி எங்கும் ஓட்டலாம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2005 நவம்பரில் வனச் சேவை வெளியிட்ட விதியே அதனை முடிவுக்குக் கொண்டுவந்தது. அவ்விதிப்படி ஒவ்வொரு காடும் ஊர்தி செல்லத்தகும் பாதைகளையும் தடங்களையும் இடங்களையும் குறித்துப் படம் ஒன்று வெளியிடல் வேண்டும். படத்தில் இல்லாத தடத்தில் ஓட்டுதல் குற்றம். பலகை நாட்டப்படவில்லை, தெரியாது என்று கூறித் தப்ப இயலாது.

இவ்விதி வந்ததும் கழகத்தினருக்கு ஓருண்மை தெளிவாயிற்று. படத்தில் ஒரு தடம் நிலைத்திருக்க வேண்டுமாயின் அது கேடு விளைக்காத தடமாக இருத்தல் வேண்டும். கேட்டை நீக்க வனச் சேவையிடம் போதிய ஆளில்லை. எஞ்சியிருப்போர் தாமே.

இனிக் கேடு எவ்வாறு விளைகின்றது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். தொண்டர் செய்யும் வேலை அத்தனையும் இதனை அறிந்தே செய்யப்படுவது. தடத்தைக் கெடுப்பது சில்லு என்றே யாவரும் நினைப்பர். சில்லு தொடக்கிவைக்கின்றது, கெடுத்து முடிப்பது நீர். வண்டியின் பாரத்தால் மண் இறுகுகின்றது. இறுகிய மண்ணுள் மழைநீர் இறங்காது மேலே ஓடுகின்றது. இரு சில்லுகளும் பதிந்த இரு பள்ளங்களும் அந்நீருக்கு ஆயத்த வாய்க்கால்களாக அமைகின்றன. சரிவு நெடுக நீர் சேரச்சேர அதன் வேகம் மிகுகின்றது. ஓடுநீரின் வேகம் இருமடங்காயின் அது உருட்டவல்ல கல்லின் எடை அறுபத்துநான்கு மடங்காகும் என்பது நீரியலார் கூறும் பழைய விதி. ஆறாம் அடுக்கு என்பதன் பொருள் இது. வகுப்பறையில் இதனைக் கூறும்போது மாணவர் நம்புவதில்லை. மாரியில் மலைப்பாதை ஒன்றைச் சென்று பார்த்தவர் நம்புவர். இவ்வாறு ஒரு விரற்கடைப் பள்ளம் சில மாரிகளில் முழங்காலளவு ஆகின்றது. பள்ளம் ஆழமானதும் அடுத்து வரும் ஓட்டி அதனை விலக்கிப் பக்கத்துப் புல்லின்மேற் செலுத்துகின்றான். அங்கும் பள்ளம் விழுகின்றது. மூன்றாமவன் அதற்கும் அப்பாற் செல்கின்றான். ஒரு தடம் இருந்த இடத்தில் பின்னற் சடைபோலப் பல தடங்கள் தோன்றிவிடுகின்றன. ஈரப் புற்றரையில் இது நிகழுமாயின் கேடு மிகப் பெரிது. மலையின் நீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து கோடையிற் சிறிதுசிறிதாகக் கசியவிடும் நிலம் வடிந்து காய்ந்துவிடும். அரித்துச் செல்லப்பட்ட மண்ணோ ஓடையிற் சேர்ந்து, மீன் முட்டையிடும் சரளைக் கற்களின் இடைவெளியை அடைக்கின்றது.

ஆகவே தடப்பராமரிப்பு என்பது, சுருங்கக் கூறின், நீரைத் தடத்திலிருந்து விரைவில் வெளியேற்றும் கலை. தடத்தின் மேற்பரப்பைச் சரிவின் புறமாகச் சற்றே சாய்த்து அமைத்தல் ஒரு முறை. நீண்ட இறக்கத்தில் இடையிடையே தடத்தையே சிறிது தாழ்த்தி, பின் சற்று உயர்த்தி, மீண்டும் இறக்குதல் மற்றொரு முறை. இறங்கிவரும் நீர் அந்தத் தாழ்வில் தடைப்பட்டுப் பக்கவாட்டில் வெளியேறும். சரிவு கடினமாகுந்தோறும் இத்தாழ்வுகள் நெருக்கமாக அமைதல் வேண்டும். நீர் வெளியேறும் வாயிலிற் கற்களைப் பதிக்காவிடில் அவ்விடத்தே புதிய அரிப்புத் தொடங்கும். வெளியேறிய நீர் நேரே ஓடையிற் சென்று சேராமல் இலைச்சருகும் புதரும் நிறைந்த நிலத்திற் பரவி மண்ணைக் கீழே விட்டுச்செல்லுமாறும் பார்த்தல் வேண்டும். ஓடையைக் கடக்குமிடத்தில் இருமருங்கும் உறுதியான கற்பாவு இடுதல், மதகுகளில் அடைந்த கிளைகளையும் மணலையும் அகற்றுதல், விலகிச்சென்ற கிளைத்தடங்களின் வாயிலைப் பெரும் பாறைகளாலும் மரத்துண்டுகளாலும் அடைத்து, இறுகிய மண்ணைக் கிளறி உள்ளூர் விதை இட்டுச் சருகு பரப்புதல் என்பன ஏனைய வேலைகள். இறுதியிற் கூறியதே மிகக் கடினமானது. பாறையை நகர்த்துதல் வலியால் முடியும். பின்னால் வருபவன் அப்பாறையைச் சுற்றிப் புதியதொரு வழி செய்யாதபடி அதனை எங்கே வைப்பது என்பது அறிவால் மட்டுமே முடியும். ஓட்டியின் மனம் எங்கே தாவும் என்பதை ஓட்டியே அறிவான். இந்த ஒரு விடயத்திற் கழகத்தொண்டருக்கு நிகரான வல்லுநர் வேறெவருமில்லை என்று துணிந்து கூறலாம்.

கருவிகள் எளியனவே. அலவாங்கு, மண்வெட்டி, பிக்கான், வாள், சங்கிலி. இவற்றோடு ஜீப்பின் முன்புறத்தே பூட்டிய கம்பிவடச் சுழலி. தன் வண்டியைச் சேற்றிலிருந்து மீட்கவெனப் பூட்டிய அச்சுழலியாலேயே இருபது பேர் அசைக்கமுடியாத பாறையை ஒருவர் இழுத்து வைத்துவிடுகின்றார். நடந்து செல்லும் தொண்டர் குழுவினர் முதுகிற் சுமந்துசெல்லும் பொருள் அளவிலே நின்றுவிட, ஊர்திக் கழகத்தினர் வேலிக்கம்பு, சீமெந்து, அறிவித்தற் பலகை முதலியவற்றை மலையின் உள்ளிடம்வரை ஏற்றிச்செல்ல வல்லவராயுள்ளனர்.

மீண்டும் றூபிக்கனுக்கு வருவோம். 2001ஆம் ஆண்டில் பல கழகத்தினரும் ஒன்றுகூடி றூபிக்கனின் நண்பர்கள் என்னும் தொண்டர் கூட்டணியை அமைத்தனர். 2004இல் றூபிக்கன் தட மன்றம் என்னும் அறநிறுவனமும் தோன்றிற்று. அதே 2004இல் ஒரு தலைகுனிவும் நேர்ந்தது. தடத்தின் இடையே ஸ்பைடர் ஏரி என்னும் அழகிய சிறு நீர்நிலை உண்டு. அதன் கரையிற் கூடாரமிட்டுத் தங்கியோரின் மலக்கழிவு அளவிறந்து பெருகியமையாற் சுகாதாரக் கேடு கருதி அவ்விடத்தில் தங்குதலைக் கவுண்டி தடைசெய்தது. பாறைநிலத்தில் குழி தோண்ட மண்ணில்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது. அது காரணமேயன்றிச் சமாதானம் ஆகாது. பின்னர் 2009 ஏப்பிரலில், மத்திய பள்ளத்தாக்கின் நீர்த்தரக் கட்டுப்பாட்டுச் சபை, எல்டொராடோ கவுண்டிக்கும் அவ்விடத்துத் தேசியக் காட்டு அதிகாரிகளுக்கும் தூய்மையாக்கற் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. மண்ணரிப்பு, மனிதக் கழிவு, வண்டிகளிலிருந்து சிந்தும் எண்ணெய் ஆகிய மூன்றும் அக்கட்டளையிற் குற்றங்களாகக் காட்டப்பட்டன. றூபிக்கன் ஆறு அமெரிக்கன் ஆற்றிற் கலக்கின்றது. அமெரிக்கன் ஆற்றின் நீர் போல்சம் நீர்த்தேக்கத்திற் சேர்ந்து கீழேயுள்ள நகரங்களுக்குக் குடிநீராகின்றது. மலையுச்சியிற் சிந்திய எண்ணெயைப் பொழுதுபோக்குக்காரரின் சொந்த விடயம் எனத் தள்ளிவிட முடியாமையின் காரணம் இதுவே.

தடம் மூடப்படும் என்றே பலரும் கருதினர். மூடப்படவில்லை. கவுண்டியார் பராமரிப்புத் திட்டம் வகுத்தனர். மாநில நிதி வந்தது. தொண்டர் வேலைநாள்கள் பெருகின. நீர்வடியும் தாழ்வுகள் வரிசையாக அமைக்கப்பட்டன, மலகூடங்கள் கட்டப்பட்டன. மலத்தைப் பொதிந்து வெளியே எடுத்துச்செல்லும் பைகளையும், சிந்திய எண்ணெயை உறிஞ்சும் விரிப்புகளையும் தடத்தின் வாயிலில் நின்று தொண்டர் இலவசமாக வழங்கினர். பாறையில் மோதி எண்ணெய்த் தொட்டி உடைந்த வண்டியைக் கண்டால், வண்டியை மீட்குமுன் விரிப்பை இடுதல் என்னும் ஒழுக்கம் கழகங்களிற் பரவிற்று. 2012இல் வனச் சேவை, தன் நிலத்தினூடாகச் செல்லும் பகுதிக்கு முறையான வழியுரிமையைக் கவுண்டிக்கு வழங்கியது. பொறுப்பு யாருடையது என்று நெடுநாள் நிலவிய ஐயத்தை அது தீர்த்தது. எவருடையதும் அல்லாத பொருளே எளிதிற் கெடுகின்றது என்பதற்கு றூபிக்கனின் முந்திய ஐம்பதாண்டுகள் சான்று.

இத்தொண்டர்கள் தாம் விரும்பியவாறு மண்வெட்டியுடன் காட்டினுட் புகுந்துவிடலாம் என்று எண்ணலாகாது. தேசியக் காட்டுத் தொண்டர் சட்டம் 1972 மே மாதம் நிறைவேறிற்று. அச்சட்டத்தின்கீழ் முன்கூட்டியே உடன்படிக்கை எழுதப்படல் வேண்டும். உடன்படிக்கை எழுதிய தொண்டன் வேலையிற் காயமுற்றால் அரச ஊழியனுக்கு உரிய நட்டஈடு அவனுக்கும் கிடைக்கும். அவன் செயலாற் பிறர்க்கு இழப்பு நேரின் அதன் பொறுப்பையும் அரசே ஏற்கும். இந்த ஏற்பாடு இல்லாவிடில் எந்தக் கழகமும் துணிந்து வாளெடுக்க மாட்டாது. பொறிவாள் கையாள்வோர் வனச் சேவையின் பயிற்சியும் தேர்வும் பெற்றிருத்தல் வேண்டும். முதலுதவிச் சான்றும் வேண்டும். வீழ்ந்த மரமொன்றைத் துண்டித்தல் எளிதென்று தோன்றும். வளைந்து இறுகிக் கிடக்கும் மரத்தின் எப்பக்கம் நெருக்குண்டது, எப்பக்கம் இழுவையுண்டது என்று அறியாமல் வாளை வைப்பவன் உயிரிழக்கவுங் கூடும்.

தடத்தை வேறிடத்துக்கு மாற்றுதல் தொண்டருக்குக் கிட்டாத அதிகாரம். பழைய தடம் ஓடைக்கு மிக அருகே செல்கின்றது, ஐம்பது பாகம் மேலே கொண்டுசென்றால் நலம் என்று யாவருக்கும் தெரிந்திருக்கலாம். ஆயினும் சூழல் ஆய்வு நடைபெறல் வேண்டும். தொல்பொருளாளர் வந்து பழங்குடிகளின் அரைகற் குழிகளோ வேறு சின்னங்களோ உண்டா எனப் பார்த்தல் வேண்டும். தாவரவியலார் அரிய செடிகள் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஆண்டுகள் செல்லும். கழகத்தினர் இத்தாமதத்தைக் குறைகூறுவர். மண்வெட்டியின் ஒரு வீச்சால் அழிந்துபோகும் தொல்பொருளை எத்தொண்டராலும் மீண்டும் ஆக்கமுடியாது என்பதை எண்ணும்போது, தாமதம் பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை.

தென்கலிபோணியாவின் சான் பெர்ணாடினோ தேசியக் காட்டில் இம்முறை வேறொரு வடிவில் நடைபெறுகின்றது. அங்கே ஒவ்வொரு கழகமும் ஒரு தடத்தைத் தத்தெடுத்துக்கொள்கின்றது. தத்தெடுத்த தடத்தை ஆண்டிற் பலமுறை சென்று பார்த்து, குப்பை அகற்றி, வேலியும் பலகையும் திருத்தி, கேடு கண்டவிடத்து அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்புதல் கழகத்தின் கடன். பிக் பெயர் என்னும் மலைப் பள்ளத்தாக்கின் அயலிற் களிமண்மேற் கூழாங்கற்கள் பரவிய வெளிகள் உண்டு. வெறுந்தரைபோலத் தோன்றும் அவ்வெளிகளில், உலகில் வேறெங்கும் காணப்படாத விரலளவுச் செடிகள் சில வளர்கின்றன. வண்டி நிறுத்தத் தக்க வெறும் வெளி என்றே புதியவன் நினைப்பான். அவ்வகை இடங்களைச் சுற்றி வேலியிட்டுக் காப்பதிலும் கழகத்தினருக்குப் பங்குண்டு. தாம் ஓட்டக்கூடாத இடத்திற்குத் தாமே வேலியிடும் இவ்வேலையை, தொண்டின் உண்மையைச் சோதிக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

இனிப் பணத்தின் கதை. தேசியக் காடுகளில் ஏறத்தாழ 158,000 மைல் தடங்கள் உள்ளன. பூமியின் நடுக்கோட்டை ஆறு முறை சுற்றினும் மிஞ்சும் நீளம் அது. அவற்றுட் பெரும்பகுதி நடப்போருக்கும் குதிரைகளுக்கும் உரியது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012ஆம் நிதியாண்டில் இத்தடங்களுள் நாலிலொரு பங்கே வனச் சேவையின் சொந்த நியமங்களுக்கு ஏற்ற நிலையில் இருந்தது. செய்யாது தேங்கிய பராமரிப்பு வேலையின் பெறுமதி 31 கோடியே 40 இலட்சம் டொலர் என மதிக்கப்பட்டது. இந்நிலையில் 2016 நவம்பரில் தேசியக் காட்டுத் தடங்களின் பராமரிப்புச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. தொண்டரும் துணைநிறுவனங்களும் ஆற்றும் தடவேலையை ஐந்தாண்டில் இருமடங்காக்கல் அதன் குறிக்கோள். வேலையை இருமடங்காக்கச் சொன்ன சட்டம் பணத்தை இருமடங்காக்கவில்லை என்பது கவனித்தற்குரியது.

பணம் அறவே இல்லை என்பதுமன்று. பாதைக்குப் புறம்பே ஓடும் வண்டிகளும் எரிநெய்க்கு வரி கொடுக்கின்றன. அவ்வரியின் ஒரு பகுதியைத் தடங்களுக்கே திருப்பும் திட்டம் 1991இல் உருவாயிற்று. அதன் பங்கீட்டிலே நூற்றுக்கு 30 ஊர்தித் தடங்களுக்கும், 30 ஊர்தியில்லாத் தடங்களுக்கும், எஞ்சிய 40 பலர்க்கும் பொதுவான தடங்களுக்கும் ஒதுக்கப்படும். கலிபோணியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இதனையொத்த மாநிலத் திட்டமும் உண்டு. இத்தகைய நன்கொடைகளைப் பெறுவதற்கு, பெறுவோர் தம் பங்காக ஒரு தொகை காட்டல் வேண்டும். தொண்டன் உழைத்த ஒவ்வொரு மணித்தியாலமும் பணமாக மதிக்கப்பட்டு அப்பங்கிற் சேர்க்கப்படுகின்றது. வேலைநாளின் முடிவில் கையொப்ப ஏட்டைச் சுற்றுக்கு விடுவதில் கழகச் செயலாளர் காட்டும் கண்டிப்பின் இரகசியம் இதுவே. நம் நாட்டுச் சிரமதானத்திற்கு இத்தகைய ஏடு கிடையாது. அது நமக்குப் பெருமையா, நட்டமா என்பதை வணிகவியல் ஆசிரியர்கள் தீர்மானிப்பாராக.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் கேட்டல் முறை. உடைத்தவனே ஒட்டவைத்துவிட்டு நன்றி எதிர்பார்க்கின்றான் என்பது ஒரு குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் உடைப்பவன் ஒருவன், ஒட்டுபவன் மற்றொருவன் என்பதே பெரும்பாலும் நடப்பு. கழகத்திற் சேராது, படம் பாராது, இரவில் ஈரப்புல்லிற் சுழன்றுவிட்டுப் போகின்றவன் தொண்டு நாளன்று வருவதில்லை. இரண்டாவது குற்றச்சாட்டு வலிமை மிக்கது: எத்துணை நன்றாகப் பேணினும், இருக்கவே கூடாத இடத்தில் உள்ள தடம் இருக்கக்கூடாததே. எல்டொராடோ தேசியக் காட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2008இல் அக்காடு வெளியிட்ட போக்குவரவுத் திட்டத்தை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. புற்றரைகளை ஊடறுக்கும் தடங்களைப்பற்றிக் காட்டின் சொந்த நியமங்களே பின்பற்றப்படவில்லை என நீதிமன்றம் 2011இற் கண்டது. அதன் பயனாக 42 தடங்கள் ஊர்திகளுக்கு மூடப்பட்டன. 2013இல் மறு ஆய்வு முடிந்தபோது அவற்றுட் சிலவற்றை உடனே திறக்கலாம் என்றும், ஏனையவற்றிற் புற்றரையின் கேடு திருத்தப்படல் வேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. வழக்காடியோரைக் கழகத்தினர் பகைவர் என்றனர். என் நோக்கில், தொண்டருக்கு எங்கே வேலை செய்யவேண்டும் என்று காட்டியவர்கள் அவ்வழக்காடியோரே. புற்றரையின் நீர்மட்டம் தாழ்ந்திருப்பதைச் சில்லின்மேல் அமர்ந்திருப்பவன் காணமாட்டான். அதனை அளந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

மூன்றாவது குற்றச்சாட்டைப்பற்றி வழக்காடுவோரும் கழகத்தினரும் அதிகம் பேசுவதில்லை. தொண்டர் எத்துணைக்கு எத்துணை உழைக்கின்றனரோ அத்துணைக்கு அரசு தன் கையை விலக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. தொண்டருக்கு உடன்படிக்கை எழுதுபவர் ஒருவர் வேண்டும். வாள் பயிற்றுவிப்பவர் ஒருவர் வேண்டும். வேலையிடத்தை முன்சென்று பார்த்துக் கொடியிடுபவர் ஒருவர் வேண்டும். இம்மூவரும் சம்பளம் பெறும் ஊழியர். 2025 பெப்ரவரியில் வனச் சேவையின் தகுதிகாண் நிலை ஊழியர் ஆயிரக்கணக்கானோர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டனர். பின் பலர் மீள அழைக்கப்பட்டனர். ஊழியர் இல்லாத காட்டில் தொண்டர் நூற்றுவர் வந்து நின்றாலும் கைகட்டி நிற்கவேண்டியதே. தொண்டு ஊழியத்திற்கு ஈடு என்று கருதுவோர் இவ்வொன்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

வேலையோ ஆண்டுதோறும் பெருகுகின்றது. 2021 ஓகஸ்டில் எல்டொராடோ தேசியக் காட்டில் மூண்ட கல்டோர் தீ இரண்டு இலட்சத்து இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிற் கலிபோணியாவின் தேசியக் காடுகள் ஏறக்குறைய யாவும் தீயச்சத்தாற் சில வாரங்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. 2022 செத்தெம்பரில் ஜோர்ஜ்ரவுனுக்கு அணித்தே மொஸ்கீற்றோ தீ எழுந்தது. எரிந்த காட்டிலே நின்றபடி இறந்த மரங்கள் ஒரே நாளில் வீழ்வதில்லை. ஆண்டுக்காண்டு, காற்றடிக்குந்தோறும், சிலசிலவாகத் தடத்தின் குறுக்கே வீழ்கின்றன. பற்றுவேர் இழந்த சரிவுகளில் மழைநீர் முன்னிலும் வேகமாக இறங்குகின்றது. ஆதலாற் கழகத்தினர் கோடை தொடங்கிப் பனி உருகியதும் முதலிற் பயிற்சிபெற்ற வாளாளர் சிலரையே உள்ளே அனுப்புகின்றனர். வாளாளர் சென்று மரமகற்றி, நீர்வடியும் தாழ்வுகளில் எவை மண்மூடின என்று குறித்துத் திரும்பியபின்னரே மண்வெட்டிக்காரரின் முறை வருகின்றது.